வேற்றுலக நாகரிகங்கள் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்களா, இல்லையா?

சான்று எதுவும் இதுவரை இல்லை. அறிவுள்ள உயிரை விடுங்கள், பூமிக்கு வெளியே ஒற்றைச் செல் உயிருக்குக்கூடச் சான்று இல்லை. ‘யாரும் இல்லை’ என்று சொல்லிவிடும் அளவுக்கு யாரும் தேடி முடிக்கவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செய்திகளில் வரும் குழப்பம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதால் வருகிறது.

இத்தனை கோடி விண்மீன்கள் இருக்கின்றனவே, எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்?

பால்வீதியில் மட்டும் 10,000 கோடி முதல் 40,000 கோடி விண்மீன்கள் உள்ளன. கோள்களுக்கும் குறைவில்லை. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் புறக்கோளான 51 பெகாசி பி 1995-ல் தெரியவந்தது. 2025 செப்டம்பரில் உறுதி செய்யப்பட்ட புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தொட்டது. ஆனால் பெரிய எண் ஒன்றை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது. ஒரு கோளில் அறிவுள்ள உயிர் உருவாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால் பால்வீதி நிரம்பி வழியும். லட்சம் கோடியில் ஒன்று என்றால் இங்கே நாம் மட்டும்தான். எது சரி என்று சொல்ல நம் கையில் இருப்பது ஒரே ஓர் எடுத்துக்காட்டு.

அந்த ஒன்றும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. 350 கோடி ஆண்டுக்கு முன்பே நுண்ணுயிர் வாழ்ந்த தடயம் பாறைகளில் இருக்கிறது. பார்த்தால் உயிர் தோன்றுவது எளிது போலத் தெரியும். விலங்குகள் வந்ததோ சுமார் 60 கோடி ஆண்டுக்கு முன். மனித இனத்துக்கு 3 லட்சம் ஆண்டு. ரேடியோவுக்கு ஏறக்குறைய 130 ஆண்டு. பார்த்தால் அறிவு வருவது கடினம் போலத் தெரியும். இரண்டுமே ‘போல’தான். உயிர் தோன்றாத கோளில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இருக்காது. பரிசு விழுந்தவரை மட்டும் நிறுத்தி ‘பரிசு சுலபமாக விழுமா?’ என்று கேட்டால் என்ன பதில் கிடைக்குமோ, அதுதான் நமக்கும் கிடைக்கிறது.

செவ்வாயிலோ, சனியின் நிலாவான என்செலடஸின் பனிக்கு அடியில் உள்ள கடலிலோ, பூமியோடு தொடர்பில்லாமல் தனியே தோன்றிய ஒரு நுண்ணுயிர் கிடைத்தால் கணக்கு ஒரே நாளில் மாறிவிடும். ஒரே சூரியக் குடும்பத்துக்குள் இரண்டு முறை நடந்ததை அபூர்வம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அறிவுள்ள உயிரைத் தேடுகிறவர்களும் அந்த நுண்ணுயிர்த் தேடலை அவ்வளவு ஆவலோடு கவனிக்கிறார்கள்.

டிரேக் சமன்பாடு விடை தருமா?

தராது. நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை வரிசைப்படுத்தித் தரும். பால்வீதியில் நமக்குத் தெரியக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று கணக்கிட, வானியலாளர் ஃபிராங்க் டிரேக் 1961-ல் அமெரிக்காவின் க்ரீன் பேங்க் வானாய்வகத்தில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்காக அதை எழுதினார். ஏழு எண்களைப் பெருக்க வேண்டும்: ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, அவற்றில் கோள் உள்ளவை எத்தனை பங்கு, ஒவ்வொன்றிலும் உயிருக்கு ஏற்ற கோள்கள் எத்தனை, அவற்றில் உயிர் தோன்றுவது எத்தனை பங்கு, அறிவு வளர்வது எத்தனை பங்கு, வெளியே தெரியும் சிக்னலை உண்டாக்குவது எத்தனை பங்கு, அந்த நாகரிகம் எத்தனை ஆண்டு நீடிக்கும்.

போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 விண்மீன்கள், எல்லாவற்றுக்கும் கோள் உண்டு, ஏற்ற கோள் சராசரியாக 0.2. பெருக்கினால் 0.4. இதுவரை வானியல் ஓரளவு அளந்திருக்கிறது. இனி வரும் நான்கும் ஊகம். அடுத்த மூன்று பங்குகளையும் தாராளமாக 1 என்று வைத்து, ஆயுள் 1,000 ஆண்டு என்றால் பால்வீதியில் இப்போது 400 நாகரிகங்கள். அதே மூன்றையும் 0.1, 0.01, 0.1 என்று வைத்தால் 0.04, அதாவது யாரும் இல்லை. ஆயுளை மட்டும் 10 லட்சம் ஆண்டாக்கினால் அதே கணக்கில் 40 நாகரிகங்கள் வந்துவிடும்.

400 என்ற அந்த நல்ல விடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமுள்ள வட்டத்தட்டில் 400 புள்ளிகளைச் சீராகப் பரப்பினால் பக்கத்துப் புள்ளிக்குச் சராசரியாக 4,400 ஒளியாண்டு தூரம். கேள்வி போய்ப் பதில் வர 8,800 ஆண்டு. அந்தக் கணக்கில் ஒவ்வொருவரின் ஆயுளும் 1,000 ஆண்டுதான். நானூறு பேர் இருந்தும் எந்த இருவரும் பேசிக்கொள்ளவே முடியாது. ஏழு எண்களில் கடைசி எண்ணைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஒவ்வோர் ஊகத்துக்கும் ஒரே ஓர் எண்ணைப் போடுவதில் ஒரு பிழையும் ஒளிந்திருக்கிறது. ஒரு பங்கு 0.1 ஆகவும் இருக்கலாம், கோடானுகோடியில் ஒன்றாகவும் இருக்கலாம் என்றால் அந்த முழு வீச்சையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். சாண்ட்பெர்க், டிரெக்ஸ்லர், ஆர்ட் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 2018-ல் அப்படிச் செய்து பார்த்தார்கள். பால்வீதியில் நாம் தனியாக இருக்கும் வாய்ப்பு 53 முதல் 99.6 சதவீதம் என்று வந்தது. நம்முடைய அறியாமை எவ்வளவு பெரியது என்பதற்கான அளவு அது. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருந்தால் ஏன் இன்னும் யாரும் வரவில்லை?

1950-ல் லாஸ் அலமோஸில் மதிய உணவுப் பேச்சில் இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி எழுப்பிய கேள்வி இது. வலுவான கேள்விதான். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கில் போனால் பால்வீதியை 10 லட்சம் ஆண்டில் கடந்துவிடலாம். வழியில் தங்கித் தங்கிப் போனாலும் சில கோடி ஆண்டு போதும். பால்வீதியின் வயதோ ஆயிரம் கோடி ஆண்டுக்கு மேல்.

ஆனால் அந்த ‘பத்தில் ஒரு பங்கு’ வாய்க்கு வந்த அளவுக்குக் கைக்கு வருவதில்லை. வாயேஜர் 1 விண்கலம் விநாடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. ஓர் ஒளியாண்டைக் கடக்கவே சுமார் 17,600 ஆண்டு, 4.24 ஒளியாண்டில் உள்ள மிக அருகிலான விண்மீன் பிராக்சிமா சென்டாரியின் தூரத்துக்கு ஏறக்குறைய 75,000 ஆண்டு. யாரும் வராததற்குக் காரணம் யாரும் இல்லாததாக இருக்கலாம், பயணம் கட்டுப்படியாகாததாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய இப்போது வழியில்லை.

சிக்னலை எப்படித் தேடுகிறார்கள்?

கொக்கோனி, மாரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1959-ல் ரேடியோ அலையில் தேடலாம் என்று எழுதினார்கள். ஹைட்ரஜன் இயல்பாக உமிழும் 1420 மெகாஹெர்ட்ஸ் எல்லா வானியலாளருக்கும் தெரிந்திருக்கும் அலைவெண் என்பது அவர்கள் வாதம். 1960-ல் டிரேக் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியால் டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களை அதே அலைவெண்ணில் கேட்டார். எதுவும் கிடைக்கவில்லை.

இன்றைய முறையில் அகலம்தான் முக்கியம். இயற்கையில் உண்டாகும் ரேடியோ உமிழ்வு எவ்வளவு குறுகினாலும் சில நூறு ஹெர்ட்ஸ் அகலம் இருக்கும். சில ஹெர்ட்ஸ் அகலத்தில் ஊசிபோல நிற்கும் ஒன்று தெரிந்தால் அதை ஒரு டிரான்ஸ்மிட்டர்தான் உண்டாக்கியிருக்க முடியும். எனவே வரும் அலையைச் சுமார் 3 ஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டுகிறார்கள். 1.1 முதல் 1.9 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை ஒன்றே ஏறக்குறைய 29 கோடி துண்டுகளாகும்.

அடுத்தது சறுக்கல். பூமி சுழல்வதால் தொலைநோக்கி, விண்மீனைப் பொறுத்து வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. டாப்ளர் விளைவால் 1420 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் விநாடிக்கு அதிகபட்சம் 0.16 ஹெர்ட்ஸ் நகரும். அனுப்புபவரின் கோளும் சுழலும் என்பதால் மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. 0.16 என்றாலே 5 நிமிடத்தில் 48 ஹெர்ட்ஸ் நகர்ந்து, ஆற்றல் 16 துண்டுகளில் சிந்திப்போகும். சறுக்கலைத் திருத்தாமல் கூட்டினால் நல்ல சிக்னலும் இரைச்சலில் புதைந்துவிடும். எனவே மென்பொருள் சாத்தியமான சறுக்கல் அளவுகளை ஒவ்வொன்றாக முயன்று கூட்டிப் பார்க்கிறது. சறுக்கலே இல்லாமல் நேராக நிற்பது, தொலைநோக்கியோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று. அதாவது தரையில் உள்ள கருவி. அதை முதலிலேயே தள்ளிவிடுவார்கள்.

கிடைத்தது வானத்திலிருந்துதான் வந்தது என்று எப்படி உறுதி செய்வது?

வேலையின் பெரும்பகுதி இதுதான். 5 நிமிடம் இலக்கு விண்மீன், 5 நிமிடம் வேறு திசை, மீண்டும் இலக்கு, மீண்டும் வேறு திசை என்று ஆறு முறை, மொத்தம் 30 நிமிடம் மாறி மாறிப் பார்ப்பார்கள். இலக்கில் மூன்று முறையும் இருந்து, விலகியபோது மூன்று முறையும் மறைந்தால்தான் மேலே பார்ப்பார்கள். செயற்கைக்கோள், செல்போன் கோபுரம், விமான ராடார் போன்றவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரக்கதிர் வழியாக, அதாவது தொலைநோக்கி நேராக நோக்காத திசைகளிலிருந்து, உள்ளே வரும். இந்தச் சல்லடையில் பெரும்பாலானவை விழுந்துவிடும்.

இதையும் தாண்டி வந்தது 2019-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவான 982.002 மெகாஹெர்ட்ஸ் சிக்னல். பிராக்சிமா சென்டாரியை நோக்கியபோது இருந்தது, விலகியபோது காணவில்லை, சறுக்கலும் இருந்தது. ஆய்வு அணி பதறவில்லை. அதே தரவில் அதே உருவமுள்ள வரிகள் வேறு அலைவெண்களில் இருக்கின்றனவா என்று தேடினார்கள். டஜன் கணக்கில் கிடைத்தன. அவற்றுக்கிடையே இருந்த இடைவெளிகள் மின்னணுக் கருவிகளின் கடிகார அதிர்வெண்களின் மடங்குகளாக இருந்தன. சில, தொலைநோக்கி விலகியபோதும் வந்தன. நாம் செய்த கருவிகளே ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கிய இடையூறு என்று 2021-ல் முடிவு வெளியானது. இலக்கில் மட்டும் தெரிந்தது தற்செயல்: வலுக்குறைந்த சிக்னல் விலகிய நிமிடங்களில் கண்டறியும் வரம்புக்குக் கீழே இருந்துவிட்டது.

அதே தொலைநோக்கியில் பல ஆண்டுகள் புதிராக இருந்த சில குறுந்துடிப்புகளுக்கு 2015-ல் விடை கிடைத்தது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தால், அணையும் கணத்தில் 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு வீச்சு வெளியேறுகிறது.

மாறாக, விடை இயற்கையிலேயே இருந்ததும் உண்டு. 1967-ல் வானியல் ஆய்வு மாணவி ஜோசலின் பெல் 1.337 விநாடிக்கு ஒருமுறை தவறாமல் வரும் துடிப்பைக் கண்டார். வேற்றுலகமோ என்ற எண்ணம் எழாமல் இல்லை. வானத்தின் வேறொரு பகுதியில் அதே வகைத் துடிப்பு இன்னொன்றையும் அவரே கண்டபோது அந்த எண்ணம் விலகியது. பல்சார் என்ற புதிய வகை விண்மீன் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

‘வாவ்’ சிக்னல் என்ன ஆனது?

1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹாயோவின் பிக் இயர் தொலைநோக்கியில் பதிவானது. கணினி அச்சிட்ட தாளில் ஒரு நெடுவரிசையில் 6, ஈ, க்யூ, யூ, ஜே, 5 என்று ஆறு குறிகள்; வானியலாளர் ஜெர்ரி எஹ்மன் அவற்றை வட்டமிட்டுப் பக்கத்தில் ‘வாவ்!’ என்று எழுதினார். அது ரகசியக் குறிப்பு இல்லை. ஒவ்வொரு குறியும் 12 விநாடிக்கான வலிமை. 9-க்கு மேல் எண் போதாததால் எழுத்து: ஏ என்றால் 10, பி என்றால் 11. அப்படிப் போனால் யூ என்பது இரைச்சலைவிட 30 மடங்கு. ஆறு குறிகள் சேர்ந்தால் 72 விநாடி. நிலையான அந்தத் தொலைநோக்கியின் பார்வையை வானத்தில் உள்ள ஒரு புள்ளி கடக்க எடுக்கும் நேரமும் அதுவே. ஏறி இறங்கும் வடிவமும் அப்படியே பொருந்துகிறது.

பொருந்தாததும் உண்டு. அந்தத் தொலைநோக்கிக்கு இரண்டு ஏற்பிகள். சில நிமிட இடைவெளியில் இரண்டிலும் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றில் மட்டும் தெரிந்தது. அலைவரிசைத் துண்டின் அகலம் 10 கிலோஹெர்ட்ஸ் என்பதால் சிக்னல் உண்மையில் எவ்வளவு குறுகியது என்றும் சொல்ல முடியாது. பிறகு பலமுறை அந்தத் திசையில் தேடியும் திரும்ப வரவில்லை. திரும்ப வராததைச் சரிபார்க்க வழியில்லை. எனவே அது சான்றாகாது.

நம் டிவி ஒளிபரப்பு அவர்களுக்கு எட்டியிருக்குமா?

போய்க்கொண்டிருப்பது உண்மை. கேட்கும் அளவில் இல்லை. இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். க்ரீன் பேங்கின் 100 மீட்டர் தொலைநோக்கி போன்ற ஒன்று 5 நிமிடம், 3 ஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்கிறது என்று வையுங்கள். 10 லட்சம் வாட் திறனுள்ள டிவி டிரான்ஸ்மிட்டர் 10 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்தால், வந்து சேரும் அலை தேவையான வரம்பைவிட ஏறக்குறைய 8,000 மடங்கு குறைவு. ஒளியாண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால்தான் கேட்கும். அங்கே விண்மீனே கிடையாது. அதிலும் முழுத் திறனும் 3 ஹெர்ட்ஸில் குவிந்திருக்கிறது என்ற தாராளமான அனுமானம் வேறு.

கோள்களை ஆராய புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த ராடாரின் கதை வேறு. பெரிய ஆடி அலையை ஒரே திசையில் குவித்ததால், எல்லாத் திசையிலும் 20 லட்சம் கோடி வாட் வீசும் டிரான்ஸ்மிட்டருக்குச் சமம். அதே தொலைநோக்கிக்கு அது 500 ஒளியாண்டு தூரத்திலும் கேட்கும். ஆனால் அந்தக் குறுகிய கதிர் அவர்கள் பக்கம் திரும்பிய சில நிமிடங்களுக்கு மட்டுமே.

இதுவரை எவ்வளவு தேடியிருக்கிறார்கள்?

மிகக் குறைவு. 2020-ல் வெளியான ஒரு பெரிய முடிவில் 1,327 அருகிலான விண்மீன்களை 1.10 முதல் 3.45 கிகாஹெர்ட்ஸ் வரை கேட்டார்கள். அதிலிருந்து கறாராகச் சொல்லக்கூடியது: க்ரீன் பேங்கில் கேட்ட விண்மீன்களில், கேட்ட அந்த நிமிடங்களில், அந்தப் பட்டையில், நம்மை நோக்கி 2.1 லட்சம் கோடி வாட்டுக்கு மேல் எதுவும் அனுப்பவில்லை. அதைவிட வலுக்குறைந்தது, மறுநாள் அனுப்பியது, வேறு அலைவெண்ணில் அனுப்பியது எல்லாம் இந்த வலையில் சிக்காது. திசை, தூரம், அலைவெண், நேரம், வலிமை என எல்லாவற்றையும் சேர்த்து 2018-ல் ஒரு குழு கணக்கிட்டபோது, தேடிய அளவுக்கும் தேட வேண்டியதற்கும் உள்ள விகிதம் ஒரு சிறு நீச்சல் குளத்துக்கும் பூமியின் எல்லாக் கடல்களுக்கும் உள்ள விகிதம் என்று வந்தது. அந்தக் குளத்தில் மீன் இல்லை என்பது உண்மையான அறிவு. அது கடலைப் பற்றிய அறிவாகாது.

ரேடியோ தவிர வேறு வழிகள்?

உண்டு. விண்மீனின் ஒளியில் பெரும்பகுதியைப் பயன்படுத்தும் நாகரிகம் கழிவு வெப்பத்தை எங்கேயாவது விட்டாக வேண்டும். அது அகச்சிவப்பில் தெரியும் என்று 1960-ல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் சுட்டினார். வைஸ் விண்கலத் தரவில் ஒரு லட்சம் விண்மீன் மண்டலங்களைச் சலித்து 2015-ல் வந்த முடிவு: ஒளியில் 85 சதவீதத்துக்கு மேல் அப்படி எடுத்துக்கொள்ளும் மண்டலம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. இந்த முறையில் தூசிதான் பெரிய எதிரி. அதுவும் ஒளியை விழுங்கி வெப்பமாக உமிழும். 22 சதவீதம் வரை ஒளி குறைந்து 2015-ல் பரபரப்பான ஒரு விண்மீனில், நீல ஒளி சிவப்பைவிட அதிகம் குறைந்தது. திடப்பொருள் மறைத்தால் எல்லா நிறமும் ஒரே அளவு குறைந்திருக்கும். தூசி என்று முடிவானது.

நானோவிநாடி லேசர் மின்னல்களையும் தேடுகிறார்கள். புறக்கோளின் வளிமண்டலத்தில் வாயுக்களைத் தேடுவது முதலில் உயிருக்கான தேடல். 124 ஒளியாண்டில் உள்ள கே2-18 பி என்ற புறக்கோளைப் பற்றி 2025-ல் வந்த அறிவிப்பு அந்த வகை. அதன் புள்ளியியல் வலு போதாது. மற்றக் குழுக்கள் அதே தரவை அலசி ஏற்கவில்லை.

பறக்கும் தட்டுகள்?

நாசா அமைத்த தனிக் குழு 2023 செப்டம்பரில் தந்த அறிக்கை, வேற்றுலகத் தோற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்கிறது. தூரம், வேகம் இரண்டும் தெரியாத மங்கலான படத்தை வைத்து எந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது.

நாம் ஏதாவது அனுப்பியிருக்கிறோமா?

1974 நவம்பர் 16 அன்று அரெசிபோவிலிருந்து எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் கொண்ட படம் ஒன்று போனது. 1,679 என்பது 23, 73 என்ற இரு பகா எண்களின் பெருக்கல். 73 வரி, 23 பத்தி என்று அடுக்கினால் படம், மாற்றி அடுக்கினால் கிறுக்கல். எம்13 சுமார் 25,000 ஒளியாண்டில் இருக்கிறது.

தரவை நானே அலசிப் பார்க்க முடியுமா?

முடியும். கட்டாயம் செய்து பாருங்கள். வீட்டுக் கணினிகளைக் கொண்டு நடந்த செட்டி அட் ஹோம் என்ற சிக்னல் தேடல் 2020-ல் நின்றது. ஆனால் இதே தேடலை நடத்தும் பிரேக்த்ரூ லிசன் திட்டம் தன் தரவையும், பைத்தானில் எழுதிய பிலிம்பி, டர்போசெட்டி என்ற மென்பொருள்களையும் பொதுவில் வைத்திருக்கிறது. முதலில் க்ரீன் பேங்கில் பதிவான வாயேஜர் 1 கோப்பை எடுங்கள். பிலிம்பியில் முழுப் பட்டையையும் வரைந்து பாருங்கள், எதுவும் புரியாது. 8419.2 முதல் 8419.4 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் பெரிதாக்குங்கள். நடுவே 8419.297-ல் உயரமான ஒரு ஊசி, இருபுறமும் சுமார் 22.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளிக் குட்டையான ஊசி ஒவ்வொன்று. நடுவில் இருப்பது கேரியர் என்ற அடிப்படை அலை, ஓரங்களில் இருப்பவை தகவலைச் சுமப்பவை. 23 வாட் அளவுள்ள டிரான்ஸ்மிட்டர், சூரியக் குடும்பத்தின் கோள்களை எல்லாம் தாண்டிய தூரத்திலிருந்து.

பிறகு டர்போசெட்டியை ஓட்டுங்கள். சறுக்கல் வரம்பை விநாடிக்கு 4 ஹெர்ட்ஸ், இரைச்சல் வரம்பை 10 மடங்கு என்று வையுங்கள். மூன்று பதிவுகள் வர வேண்டும், சறுக்கல் விநாடிக்கு மைனஸ் 0.37 முதல் மைனஸ் 0.39 ஹெர்ட்ஸ் வரை. ஒன்றுமே வரவில்லை என்றால் பெரும்பாலும் இரைச்சல் வரம்பு கூடிவிட்டது, அல்லது சறுக்கல் வரம்பு 0.3-க்கும் கீழே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் வந்தால் இரைச்சல் வரம்பு குறைந்துவிட்டது. மூன்று சரியாக வந்த பிறகு, இலக்கும் விலகலுமாக ஆறு கோப்புகள் கொண்ட ஒரு தொகுதியை எடுத்து ஒன்றின்கீழ் ஒன்றாக வரையுங்கள். ஆறிலும் கோடு தொடர்ந்தால் அது நம்முடையது. ஒன்று, மூன்று, ஐந்தில் மட்டும் இருந்தால் அதே உருவத்தை மற்ற அலைவெண்களில் தேடுங்கள், 982 மெகாஹெர்ட்ஸ் அணி செய்ததைப் போல.

உறுதியான சிக்னல் கிடைத்தால் மூடி மறைத்துவிடுவார்களா?

1989-ல் சர்வதேச விண்வெளி ஆய்வுக் கழகம் ஏற்று, 2010-ல் திருத்திய நெறிமுறை இருக்கிறது: முதலில் வேறு இடத்தில் உள்ள ஆய்வகம் சரிபார்க்க வேண்டும், உறுதியானதும் பொதுவில் அறிவிக்க வேண்டும், சர்வதேச ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பக்கூடாது. சட்டபூர்வக் கட்டாயம் இல்லை. மறைப்பது நடைமுறையில் கடினம். பூமி சுழல்வதால் ஒரே தொலைநோக்கி ஒரு திசையைச் சில மணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியாது, தொடர்ந்து பின்தொடர வேறு கண்டங்களில் உள்ளவர்களிடம் திசையையும் அலைவெண்ணையும் கொடுத்தே ஆக வேண்டும்.